சிங்கப்பூர் லைன்

நான் பைலட். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. விமானம் ஓட்டும் லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது; ஓட்டுவதற்குத்தான் விமானம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில், அப்பா அம்மாவோடு, எந்தக் கம்பெனியிலிருந்தாவது ஒரு மெயில் வராதா என்று போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெயில் வருகிறது. பெரும்பாலும் துணிக்கடைத் தள்ளுபடி.

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த சமயத்தில் நிலைமை வேறு. பைலட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு, லைசென்ஸ் கைக்கு வந்த மறுமாதமே கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த வருஷம் அது உண்மைதான். பள்ளி வடக்கே, வெயிலும் புழுதியும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சிற்றூரில் இருந்தது. நாலு பேர் உட்காரக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானம். காற்று பலமாக அடித்தால் பறக்க முடியாது, மூடுபனி இறங்கினால் பறக்க முடியாது, விமானம் பழுதானால் பாகம் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றரை வருஷத்தில் முடியும் என்றது அதைப்போல் இரண்டு மடங்கு இழுத்தது. முதல் முறை தனியாகப் பறந்து இறங்கியபோது, அங்குள்ள வழக்கப்படி, தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த ஒரு நாள் நான் யாருக்கும் எதற்கும் வெட்கப்படவில்லை.

லைசென்ஸோடு நான் வெளியே வந்தபோது யாரும் கூப்பிடவில்லை. கம்பெனிகள் ஆர்டர் கொடுத்த விமானங்கள் வந்துசேரவில்லை. இருந்த விமானங்களிலும் சில எஞ்சினுக்காகக் காத்துத் தரையில் நின்றன. வேலையில் இருப்பவர்களுக்கே போதிய பறப்பு இல்லாதபோது புதியவர்களை யார் எடுப்பார்கள்? ஏதாவது ஒரு கம்பெனி விமானம் வாங்கப்போவதாகச் செய்தி வந்தால் போதும், அன்று எங்கள் வீட்டு போன் ஓயாது. “பேப்பர் பாத்தீங்களா? அத்தன பிளேன் வாங்குறானாம், ஓட்ட ஆள் வேணாமா?” வேண்டும்தான். அதெல்லாம் வந்து இறங்குவதற்குள் எனக்குத் தலை நரைக்காமல் இருக்க வேண்டும்.

பைலட் லைசென்ஸ் என்பது வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிடும் பட்டம் இல்லை. வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை செய்து அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். பறக்காமல் இருந்தால் சில தகுதிகள் தானாகவே காலாவதியாகிவிடும். புதுப்பிக்க மறுபடி பறக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். வையம்பட்டிப் பக்கம் அம்மாவின் பங்குக்கு வந்த நிலம் ஏற்கெனவே பள்ளிக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பறக்க வழியில்லாத பைலட்டுக்கு மிச்சம் இருக்கும் ஒரே பயிற்சி நாற்காலியில் பறப்பது. இது எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் உள்ள பழக்கம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, எதிரே விமானத்தின் கருவிகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, எஞ்சினைக் கிளப்புவது முதல் இறங்கி நிறுத்துவது வரை ஒவ்வொன்றையும் கையால் செய்து, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கையும் நாக்கும் மறந்துவிடும். நான் தினமும் காலையில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பறந்தேன். சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காற்றில் இல்லாத பொத்தான்களை அழுத்திக்கொண்டு, “டேக்-ஆஃபுக்குத் தயார்” என்று ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும் வளர்ந்த பெண்ணை அம்மா ஒரு தடவை காபியோடு வந்து பார்த்தாள். டம்ளரை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு காபி வாசலோடு நின்றது.

சத்தம் மட்டும் வாசலோடு நிற்கவில்லை. குளியலறைக் காற்றுக் குழி வழியாகக் கீழே இறங்கியது. எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு மாமி இருந்தாள். கணவர் இல்லை, ஒரே பெண் சிங்கப்பூரில். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு, பிடித்துப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். ஒருநாள் மாடிப்படியில் அப்பாவை நிறுத்தினாள். நான் பின்னால் வந்துகொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

“சார், உங்க பொண்ணு ஆத்துல இருந்துண்டே பிளேனோட பேசறாளே! காத்தால எழுந்தா அவ குரல்தான். ரன்வேங்கறா, டேக்-ஆஃப்ங்கறா. பைலட்டுக்குப் படிக்கறான்னு தெரியும், வேலைக்கே போயிட்டாளா? எந்த லைன்?”

அப்பா துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெல்டிங் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும், முதலாளியே வந்து நின்றாலும், அதைப் பாஸ் செய்யமாட்டார். அப்படிப்பட்டவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“சிங்கப்பூர் லைன் மாமி.”

வீட்டுக்குள் வந்ததும் நான் குதித்தேன். “ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?”

“வாய் தவறி வந்துடுச்சு பாப்பா. நாளைக்கு நடக்கப்போறதுதானே. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்; வந்த வேகத்தில் போயும்விடும். அன்றைக்கே கீழே இறங்கிப் போய், “அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை மாமி” என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வார்த்தை கேட்பதற்கு நன்றாக இருந்தது.

திருச்சியில் யாராவது சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ கிளம்புகிறார்கள் என்றால் தெருவே ஆளுக்கொரு பையோடு வந்துவிடும். சாம்பார்ப் பொடி, நார்த்தங்காய், பிள்ளைக்கு மருந்து, “சின்னப் பைதாங்க, கனமே இல்ல.” எப்போதோ ஒருமுறை போகிறவருக்கே இந்தக் கதி என்றால், அந்த விமானத்தையே ஓட்டுகிற பெண் மேல்வீட்டில் இருந்தால் விடுவார்களா? அந்த வாரமே மாமி கோயில் பிரசாதமும் பருப்புப் பொடியும் கட்டிய பையை எடுத்துக்கொண்டு, வலிக்கிற காலோடு மேலே வந்துவிட்டாள். அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். பைலட்டுகள் அந்த ஊரில் விமான நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது, இவள் தெரிந்த பயணிகள் கையில் கொடுத்து அனுப்புவாள், மாப்பிள்ளையை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று விவரமாக வேறு சொன்னார்.

“திருப்பிக் குடுத்துடுங்க” என்றேன்.

“குடுத்துடறேன் விடு.”

சில நாள் கழித்து மாமி என்னை லிஃப்டில் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கெடச்சுதாம்மா. பெருமாள் பிரசாதத்தைப் பார்த்ததும் அழுதுட்டாளாம். நீ நன்னா இருக்கணும்.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன். அப்பாவைக் கேட்டதற்கு, “கூரியர்ல போட்டேன்” என்றார். சரி, பை போய்ச் சேர்ந்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகும் பைகள் வந்தன. ஒவ்வொரு முறையும் மாமியின் கண்ணில் படாமல் நான் லிஃப்டைத் தவிர்த்துப் படியில் இறங்கினேன். படியில் அவள் குரல் கேட்டால் லிஃப்டுக்குத் திரும்பினேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலாக நாலு பொய் வேண்டியிருக்கிறது. விமானம் ஓட்டுகிறவள் வீட்டிலேயே எப்படி இருப்பாள்? அப்பா ஒருநாள், முகத்தைப் பார்க்காமல், டிரங்குப் பெட்டியில் எதையோ தேடுகிறவர் போலக் கேட்டார். “பாப்பா, மாமி பை குடுத்துருக்காங்க. நாளைக்கு மட்டும் வையம்பட்டிப் பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வரியா? அந்த வெள்ளைச் சட்டையப் போட்டுட்டுப் போயேன். தோள்ல மாட்டுற கோடு போட்ட பட்டை வேணாம். சட்டை மட்டும்.”

நான் கத்தினேன். அம்மா சமையலறையிலிருந்து, “கத்தாத, கீழ கேக்கும்” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் பள்ளியில் கொடுத்த வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், சக்கரம் வைத்த பெட்டியோடு கிளம்பினேன். மாமி பால்கனியில் நின்று, “ஜாக்ரதையா ஓட்டும்மா! மெதுவாவே போ, அவசரமில்ல!” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி வழியனுப்பினாள். எதிர்க் கடைக்காரர் கை எடுத்துக் கும்பிட்டார். கம்பெனி கார் வராதா என்று மாமி கேட்டதற்கு, கார் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கும் என்று அப்பா சொன்னார். சிங்கப்பூருக்குக் கிளம்பிய நான் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சட்டையை மறைத்து ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு திண்டுக்கல் பஸ், வையம்பட்டி. பெரியம்மா வீட்டில் கடலை உரித்துக்கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பி வந்தேன். “களைச்சுப் போயிட்டியே” என்றாள் மாமி. உண்மையிலேயே களைத்துத்தான் போயிருந்தேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது மாமியின் பெண் கர்ப்பமானாள். எட்டாம் மாதத்தில் சீமந்தமும் வளைகாப்பும் அங்கேயே வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. முழங்காலோடு மாமியால் இரண்டு முறை பயணம் செய்ய முடியாது. பிரசவத்துக்குப் போனால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வளையலாவது போக வேண்டும் என்று, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் வாங்கி, தாயார் சன்னதியில் வைத்து வாங்கி வந்து, பழைய பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். “இத மட்டும் உன் கையாலேயே கொண்டுபோம்மா. நீ கொண்டுபோனா நான் போன மாதிரி.”

அப்பா வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று எனக்குத் தெரிந்தது. “சரி மாமி” என்றேன்.

அப்பா கூரியரில் போட்டுவிடுவார் என்று பையை அவரிடம் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல வெள்ளைச் சட்டையும் பெட்டியுமாகக் கிளம்பினேன். திண்டுக்கல் பஸ் கிடைக்க வெகுநேரமாயிற்று; அது மன்னார்புரத்தை நெருங்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். விமான நிலையத்திலிருந்து பேசுவதாக ஒருவர் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

“ஏர்போர்ட் பாதுகாப்புல இருந்து பேசுறேன். உங்கப்பா இங்க இருக்காரு. ஒண்ணும் பயப்பட வேணாம். கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

மன்னார்புரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பெட்டியைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர் எந்த ஊருக்கு விமானம் என்று கேட்டார். புது டெர்மினல் வாசலில் வேன் வேனாக வந்து இறங்கியவர்கள், சிங்கப்பூர் போகும் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். துப்பட்டாவை எங்கே விட்டேனோ தெரியவில்லை. என் சட்டையையும் பெட்டியையும் பார்த்த காவலர், “ஸ்டாஃபெல்லாம் அந்த கேட் மேடம்” என்று மரியாதையாகக் கையைக் காட்டினார். லைசென்ஸ் வாங்கிய நாள் முதல் நான் கனவு கண்ட வாக்கியம் அதுதான். “இல்லீங்க, எங்கப்பாவ இங்க பிடிச்சு வெச்சிருக்காங்களாம்” என்றேன்.

ஒரு சின்ன அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் மாமியின் பை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். நடந்தது இதுதான். வரிசையில் நின்ற ஒரு பையனிடம் அப்பா பையை நீட்டி, சிங்கப்பூரில் ஒருவரிடம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். பையனின் அம்மா, முன்பின் தெரியாதவர் பொட்டலம் கொடுக்கிறார் என்று கூச்சல் போட்டிருக்கிறாள். அவள் செய்ததில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்.

“இவர அடிக்கடி பாத்திருக்கேன்” என்றார் அதிகாரி. நடுத்தர வயது, குரல் உயர்த்தாத ஆள். “யாரையோ வழியனுப்ப வராருன்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் தெரியுது, யார் போறாங்களோ அவங்ககிட்டல்லாம் பைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூரியர் என்று ஒன்று இருக்கவே இல்லை. நான் பெரியம்மா வீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு முறையும், அப்பா இந்த வாசலில் நின்று, வருகிற போகிற ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். வாழ்நாளில் யாரிடமும் ஒரு குடை இரவல் கேட்காதவர். வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை.

“பையத் தொறந்து காட்டுங்க பெரியவரே.”

அப்பா அவசரமாகப் பட்டுத்துணியைப் பிரித்தார். வளையல்கள் நழுவித் தரையில் விழுந்தன. நாங்கள் மூவரும் குனிந்தோம். முழுசாகக் கிடைத்தவை கொஞ்சம்தான். அதிகாரியும் மண்டியிட்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தார். பிறகு, மனசில் பட்டதைக் கேட்டுவிடும் தோரணையில் கேட்டார்.

“சார் சொல்றாரு, பொண்ணு பைலட்டுன்னு. அப்ப இத நீங்களே எடுத்துட்டுப் போலாமே? நீங்க எந்த ஏர்லைன்?”

அப்பா என்னைப் பார்த்தார். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடேன் என்று அந்தக் கண் கெஞ்சியது.

“எந்த ஏர்லைனும் இல்லீங்க. லைசென்ஸ் இருக்கு. வேலை கெடைக்கல.”

“அப்ப இந்தச் சட்டை?”

“அது என் சட்டைதாங்க.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. “இனிமே இப்படி வந்து நிக்காதீங்க பெரியவரே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார். ஒரு தடவை சொன்னால் போதாதா? கதவுக்கு வெளியே வந்தும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான்தான் கேட்டேன், கூரியரில் போட்டிருக்கக் கூடாதா என்று.

“நீ கொண்டுபோற மாதிரி சொல்லித்தானே வாங்கினேன். அதக் கொண்டுபோய் ஆபீஸ்ல எடை போட்டு அனுப்பினா ரொம்பப் பெரிய பொய்யாயிடாதா? யாராவது ஒரு ஆள் கையில, பிளேன்லயாவது போகட்டும்னு நெனச்சேன்.”

பொய்யிலும் மயிரிழை விரிசல் பார்க்கிற மனிதர். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன். “உங்கள யாருப்பா கேட்டா? என்னால நீங்க அசிங்கப்படணும்னு நான் சொன்னேனா?” பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

சத்திரத்தில் திடீரென்று எழுந்து, “இறங்கு” என்றார். மலைக்கோட்டைக்குக் கீழே வளையல் கடைகள் இருக்கும் சந்துக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனார். உடைந்த துண்டு ஒன்றைக் கடைக்காரரிடம் காட்டி, இதே பச்சை வேண்டும் என்றார். கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு கொத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, துண்டோடு சேர்த்து வைத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பட்டறையில் இப்படித்தான் பார்த்திருப்பார் போலும். பின்னால் கூட்டம் இடித்துக்கொண்டு போயிற்று. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். கடைசியில் ஒன்று சரியாகப் பொருந்தியது. கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினார். அப்பா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாங்க” என்றார். “தாயார் சன்னதியில வெச்சது. இது வேற.”

வீட்டுக்குப் போகவில்லை. நேராக மாமியின் கதவைத் தட்டினோம். எங்களைப் பார்த்ததும், அந்த நேரத்தில் வானத்தில் இருக்க வேண்டிய என்னைப் பார்த்ததும், மாமி முதலில் பயந்துபோனாள். “என்னாச்சு? பிளேனுக்கு ஏதாவது ஆயிடுத்தா?”

“நான் பிளேன் ஓட்டல மாமி. எனக்கு வேலையே கெடைக்கல. இதுவரைக்கும் பையெல்லாம் அப்பாதான் ஏர்போர்ட்ல நின்னு யார் யார்கிட்டயோ குடுத்து அனுப்பிருக்கார். இன்னிக்கு வளையல் உடைஞ்சிடுச்சு.”

“எம்மேலதான் தப்பு” என்றார் அப்பா. “அவளா ஒண்ணும் சொல்லல.”

அது உண்மையில்லை. “சரி மாமி” என்று நான்தான் சொன்னேன். அப்பாவின் கடைசிப் பொய்யும் எனக்காகத்தான்.

மாமி பையை வாங்கிக்கொண்டாள். துணியைப் பிரித்துத் துண்டுகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்; திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் துணியை மறுபடி சுற்றி வைத்துவிட்டு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்:

“யாருமில்லாத ஊர்ல கொழந்த தனியா இருக்கா. நம்மாத்துப் பொண்ணு ஒருத்தி தலைக்கு மேல வந்துண்டும் போயிண்டும் இருக்கான்னு, நான் பாட்டுக்கு நிம்மதியா தூங்கிண்டிருந்தேன்.”

கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை.

வேறு வளையல் வாங்கி வேறு யார் மூலமோ அனுப்பியதாக அம்மா சொன்னாள். பிரசவத்துக்காக மாமி சிங்கப்பூருக்குக் கிளம்பினபோது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மாமி சிங்கப்பூருக்குக் கிளம்பினபோது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் காலையில் நாற்காலியில் பறப்பதை நிறுத்தவில்லை. ஆனால் வாயைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்துப் பறக்கிறேன். வருஷாந்திர மருத்துவப் பரிசோதனைக்குப் போய் வந்தேன். கண் நன்றாக இருக்கிறதாம், காது நன்றாக இருக்கிறதாம், வானத்தில் பறக்கத் தடையில்லையாம்.

சில வாரங்களுக்கு முன்னால் தரைத்தளத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. வந்த மறுநாள் நான் கீழே போக இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் மாடித் திருப்பத்தில் அப்பாவின் குரல் கேட்டு நின்றேன். காய்கறிப் பையோடு நின்ற அவரிடம் புதிதாக வந்தவர் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரே பெண் என்றார் அப்பா.

“என்ன பண்றாங்க?”

அப்பா ஒரு விநாடி யோசித்தார்.

“வீட்லதான் இருக்கா.”

“படிச்சிருக்காங்களா?”

“படிச்சிருக்கா.”

என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அப்பா பொய் சொல்லக் கூடாது என்று வீட்டில் அத்தனை முறை குதித்தவள் நான். இப்போது அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறாள் என்பதும் உண்மைதானே? தனியாக விமானத்தை ஏற்றி இறக்கியவள் என்பதும் உண்மைதானே? அதையும் சேர்த்து விட்டுவிட்டார். விமான நிலைய வாசலில் அவர் பையோடு நின்றதை அறிந்தபோது பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. புதியவர் உள்ளே போய்விட்டார். சிங்கப்பூர் லைன் என்று அப்பா ஒரே ஒரு முறை சொல்லிவிடக் கூடாதா என்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அப்பா காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு படியேறத் தொடங்கினார்.